ராஸ்பெர்ரி பை ஹேட் போர்டுக்கு அடையாளச் சிப் எழுதுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினியின் மேல் ஒரு விரிவாக்கப் போர்டைச் செருகி மின்சாரம் கொடுக்கிறோம். யாரும் எதையும் தட்டச்சுச் செய்யவில்லை. ஆனாலும் போர்டில் இருக்கும் கடிகாரச் சிப்புக்கு உரிய டிரைவர் ஏறியிருக்கிறது, விளக்கு எரிகிறது, பொத்தானை அழுத்தினால் கணினிக்குத் தெரிகிறது. இதற்குக் காரணம் போர்டின் ஓரத்தில் இருக்கும் எட்டுக் கால் சிப் ஒன்று. ஈஈப்ராம் வகை நினைவகம் அது. நான் யார், என்னைச் செய்தவர் யார், எந்தெந்தப் பின்களை நான் பயன்படுத்துகிறேன், எனக்கு எந்த டிரைவர் வேண்டும் என்று போர்டு தன்னைப் பற்றிச் சொல்லவேண்டிய எல்லாமே அதற்குள் இருக்கின்றன.

பை அந்தச் சிப் சொல்வதை அப்படியே நம்பிவிடும். சரிபார்த்துக் கேள்வி கேட்கும் வழி அதற்கு இல்லை. உள்ளீடாக இருக்கவேண்டிய பின்னை வெளியீடு என்று நீங்கள் தவறாக எழுதிவிட்டால், லினக்ஸ் எழுந்து உட்கார்வதற்கு முன்பே இரண்டு வெளியீடுகள் ஒன்றோடொன்று மோதிக்கொள்ள நேரிடலாம். ஆகவே இந்த வேலையில் வேகத்தைவிடக் கவனம் முக்கியம். கீழே சொல்வதை அந்த வரிசையிலேயே செய்யுங்கள்.

ஒரு குறிப்பு: கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் உச்சரிப்பின்படி தமிழில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் அவற்றை ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் தட்டச்சுச் செய்யவேண்டும். சிப் முகவரிகள் எல்லாம் பதினறும எண்கள்.

இந்த ஏற்பாடு எப்படி வந்தது

முதல் ராஸ்பெர்ரி பைகளில் 26 பின்கள்தான் இருந்தன. மேலே ஏதாவது போர்டைப் பொருத்தினால் எந்த டிரைவரை ஏற்றுவது, எதைத் தடுப்பது என்று ஒவ்வொரு கோப்பாகத் திறந்து நாமே எழுதவேண்டும். 2014 ஜூலையில் பி பிளஸ் மாடல் 40 பின்களோடு வந்தது. அதே மாத இறுதியில் ஹேட் என்ற விதிமுறையும் வெளியானது. மேலே பொருத்தும் வன்பொருள் என்பதன் ஆங்கிலச் சுருக்கம்தான் ஹேட். தொப்பி என்ற பொருளும் அதிலேயே அமைந்துவிட்டது. 65 மில்லிமீட்டருக்கு 56 மில்லிமீட்டர் அளவு, நான்கு திருகுத் துளைகள் ஆகியவற்றோடு அடையாளச் சிப்பும் கட்டாயம் என்றது அந்த விதிமுறை. புதிதாக வந்த பின்களில் 27, 28 என்ற இரண்டையும் இந்தச் சிப்புக்கென்றே ஒதுக்கிவிட்டார்கள்.

இந்த யோசனை ராஸ்பெர்ரி பைக்கு மட்டும் உரியதன்று. பீகிள்போன் கணினிகளின் கேப் போர்டுகளிலும் அடையாளச் சிப் உண்டு. பி9 இணைப்பியின் 19, 20 பின்கள் வழியாக அதைப் படிக்கிறார்கள். 54 முதல் 57 வரை நான்கு முகவரிகள் ஒதுக்கப்பட்டிருப்பதால் நான்கு கேப்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கலாம். எந்தக் கேப்புக்கு எந்த முகவரி என்பதைச் சிறு சுவிட்சுகளால் தீர்மானிக்கலாம். பழைய ஹேட் விதிமுறையில் ஒரே முகவரிதான், அதனால் அடையாளச் சிப் உள்ள ஹேட் ஒன்றுக்குத்தான் இடம்.

2023 டிசம்பரில் ஹேட் பிளஸ் என்ற புதிய விதிமுறை வந்தது. அளவுக் கட்டுப்பாடு தளர்ந்தது. பின் வரைபடத்தைச் சிப்பில் எழுதும் பகுதியும் நீங்கியது. அந்த வேலை முழுவதும் ஓவர்லேயிடம், அதாவது போர்டில் என்ன இருக்கிறது என்று லினக்ஸுக்கு விவரிக்கும் கோப்பிடம், போய்விட்டது. 5 வோல்ட் இருந்து 3.3 வோல்ட் இல்லாத உறக்க நிலையிலும் போர்டு பத்திரமாக இருக்கவேண்டும் என்ற நிபந்தனையும் சேர்ந்தது. புதிதாகப் போர்டு வடிவமைப்பவர் ஹேட் பிளஸைப் பின்பற்றுவதே நல்லது. புழக்கத்தில் இருக்கும் போர்டுகளில் மிகப் பல பழைய முறையைச் சேர்ந்தவை என்பதால், இங்கே பழைய முறையை விளக்கி, வேறுபடும் இடங்களை மட்டும் சுட்டுகிறேன்.

எடுத்துக்காட்டுப் போர்டு

பை 4 மேல் பொருத்தும் ஒரு சிறு பதிவுப் போர்டை வைத்துக்கொள்வோம். அதில் டிஎஸ்3231 கடிகாரச் சிப், உணரிகளின் மின்னழுத்தத்தை எண்ணாக மாற்றும் ஏடிஎஸ்1115 சிப், ஜிபிஐஓ (உள்ளீடாகவோ வெளியீடாகவோ நிரலால் அமைக்கக்கூடிய பொதுப் பின்) 17இல் ஒரு விளக்கு, ஜிபிஐஓ 27இல் ஒரு பொத்தான் இருக்கின்றன. ஐ2சி பஸ் என்பது இரண்டே கம்பிகளில் பல சிப்புகளோடு பேசும் பாதை. முதல் இரண்டும் வழக்கமான ஐ2சி 1 பஸ்ஸில், அதாவது ஜிபிஐஓ 2, 3 பின்களில் அமர்ந்திருக்கின்றன.

ஜிபிஐஓ 27 வேறு, 27ஆம் பின் வேறு. இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. ஜிபிஐஓ 27 என்பது இணைப்பியில் 13ஆம் பின்னாக வரும். 27ஆம் பின் என்பது ஜிபிஐஓ 0. அடையாளச் சிப்பின் தரவுக் கம்பி அது.

ஒரு பயிற்சி வகுப்பில் மாணவி ஒருவருடைய போர்டு ஒரு நேரம் அடையாளம் காணப்பட்டது, ஒரு நேரம் காணப்படவில்லை. சிப்பை மாற்றிப் பார்த்தோம், சாலிடரைத் திரும்ப உருக்கினோம், பயனில்லை. கடைசியில் மல்டிமீட்டரின் ஒரு முனையை 27ஆம் பின்னில் வைத்துக்கொண்டு, "அந்தச் சுவிட்சைத் தள்ளுங்கள் அம்மா" என்றேன். 3.3 என்று நின்ற எண் சட்டென்று 0 ஆனது. "27இல்தானே ஐயா வைக்கச் சொன்னீர்கள்?" என்றார். சொன்னது ஜிபிஐஓ 27. அவர் வைத்தது 27ஆம் பின். அழுத்தினால் அப்படியே நிற்கும் வகைச் சுவிட்ச் என்பதால், அது மூடியிருக்கும்போது பையை எழுப்பினால் அடையாளச் சிப்பின் கம்பி தரையோடு ஒட்டிக்கிடந்தது. தவறு என்னுடையது. அன்றுமுதல் எண்ணை மட்டும் நான் சொல்வதில்லை. ஜிபிஐஓவா பின்னா என்று சேர்த்தே சொல்கிறேன், வரைபடத்திலும் அப்படியே எழுதுகிறேன்.

முதல் படி: சுற்றைச் சரியாக அமைப்பது

சிப் 24சி32 வகையாக இருக்கவேண்டும். 3.3 வோல்ட்டில் ஓடவேண்டும், 4 கிலோபைட் கொள்ளளவு போதும். இரண்டு பைட் நீளத்தில் முகவரி கேட்கும் வகை என்பதுதான் இங்கே முக்கியம். கடையில் 24சி02, 24சி16 ஆகியவை எளிதாகக் கிடைக்கும்; பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும்; ஆனால் அவை ஒரு பைட் முகவரி வகை. பை இரண்டு பைட் முகவரி அனுப்பும்போது அவை இரண்டாவது பைட்டை எழுதவேண்டிய தரவு என்று எடுத்துக்கொள்ளக்கூடும். சிப்பின் முதுகில் இருக்கும் எழுத்தைப் பூதக்கண்ணாடி வைத்தாவது படித்துவிட்டு சாலிடர் செய்யுங்கள்.

தரவுக் கம்பி 27ஆம் பின்னுக்கு, துடிப்புக் கம்பி 28ஆம் பின்னுக்கு. இரண்டையும் 3.9 கிலோ ஓம் மின்தடைகள் வழியாக 3.3 வோல்ட்டோடு இணைக்கவேண்டும். ஜிபிஐஓ 2, 3 பின்களுக்கு இத்தகைய மின்தடைகள் பையிலேயே இருப்பதால், இங்கேயும் இருக்கும் என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். ஹேட் போர்டில் அவற்றை நாம்தான் வைக்கவேண்டும். சிப்பின் மூன்று முகவரிக் கால்களையும் தரையோடு இணைத்தால் முகவரி 50 ஆகிவிடும்.

எஞ்சுவது எழுத்துத் தடைக் கால். அதை 1 கிலோ ஓம் வழியாக 3.3 வோல்ட்டோடு இணையுங்கள்; அப்போது சிப் பூட்டிய நிலையில் இருக்கும். அந்தக் காலிலிருந்து சிறிய செப்புப் புள்ளி ஒன்றை வெளியே எடுத்து, பக்கத்திலேயே ஒரு தரைப் புள்ளியும் வையுங்கள். எழுதும்போது மட்டும் இரண்டையும் ஒரு கம்பித் துண்டால் இணைத்தால் போதும். அந்தக் காலை எதிலும் இணைக்காமல் விடுவது எனக்கு அறவே பிடிக்காது. ஏதோ ஒரு நிரல் தவறான பஸ்ஸில் எழுதிவிட்டால் போர்டின் அடையாளம் அழிந்துபோகும்.

பையில் பொருத்தும் முன் மல்டிமீட்டரால் மூன்று சோதனைகள் செய்யுங்கள். 27, 28 பின்கள் தரையோடு ஒட்டவில்லையா, அந்த இரண்டும் தமக்குள் ஒட்டவில்லையா, ஒவ்வொன்றிலிருந்தும் 3.3 வோல்ட் பாதைக்கு 3.9 கிலோ ஓம் அளவு காட்டுகிறதா என்று பாருங்கள். மின்சாரம் இருக்கும்போது போர்டைச் செருகவோ பிடுங்கவோ கூடாது என்பதை நான் சொல்லித்தான் தெரியவேண்டும் என்றில்லை. ஆனாலும் அவசரத்தில் கை அங்கேதான் போகும்.

இரண்டாம் படி: பஸ்ஸைத் திறந்து சிப்பைக் கண்டுபிடிப்பது

27, 28 பின்கள் ஐ2சி 0 பஸ்ஸைச் சேர்ந்தவை. பை எழும்போது, லினக்ஸுக்கு முன்பே ஓடும் உள்நிரலான ஃபர்ம்வேர் இந்தப் பஸ்ஸின் வழியாகத்தான் சிப்பைப் படிக்கிறது. பிறகு லினக்ஸிலிருந்து நாமும் அதை அணுகவேண்டுமானால் திறந்துவிடவேண்டும். ராஸ்பெர்ரி பை இயங்குதளத்தின் புக்வார்ம் பதிப்பிலிருந்து அமைப்புக் கோப்பு பூட் அடைவின் உள்ளே ஃபர்ம்வேர் அடைவில் கன்ஃபிக்.டிஎக்ஸ்டி என்ற பெயரில் இருக்கிறது; பழைய பதிப்புகளில் நேராகப் பூட் அடைவிலேயே இருக்கும். அதன் கடைசியில் "டிடிபாராம்=ஐ2சி_விசி=ஆன்" என்று ஒரு வரி சேர்த்து மறுதொடக்கம் செய்யுங்கள்.

கேமராவோ தொடுதிரையோ இணைத்திருந்தால் இந்த வேலை முடியும்வரை கழற்றி வைத்துவிடுங்கள். பை 4இல் அவையும் இதே ஐ2சி 0 கட்டுப்படுத்தியைத்தான் பகிர்ந்துகொள்கின்றன. லினக்ஸ் அதை இரண்டாகப் பிரித்து, ஹேட் பின்களுக்கு 0 என்றும் கேமராப் பக்கத்துக்கு 10 என்றும் பஸ் எண் கொடுக்கும். நமக்கு வேண்டியது 0.

ஐ2சி கருவிகள் தொகுப்பை நிறுவிவிட்டு "ஐ2சிடிடெக்ட் -ஒய் 0" என்று கேளுங்கள். புள்ளி போட்ட கட்டம் ஒன்று வரும். அதில் 50 என்ற இடத்தில் மட்டும் எண் தெரிந்தால் சுற்று சரி. ஒன்றுமே தெரியாவிட்டால் மின்தடைகளையும் சாலிடரையும் பாருங்கள். 50 முதல் 57 வரை எட்டு இடங்களும் நிரம்பியிருந்தால் உங்கள் கையில் இருப்பது 24சி16. எட்டு முகவரிகளையும் அது தானே எடுத்துக்கொள்ளும். சிப்பை மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை.

மூன்றாம் படி: கருவிகள்

ராஸ்பெர்ரி பை நிறுவனத்தின் யூட்டில்ஸ் என்ற கிட் களஞ்சியத்தில் ஈப்டூல்ஸ் என்ற அடைவு இருக்கிறது. முன்பு இது ஹேட்ஸ் என்ற தனிக் களஞ்சியத்தில் இருந்தது. பழைய பாடங்கள் இன்னும் அங்கேதான் அனுப்புகின்றன. களஞ்சியத்தைப் படியெடுத்து, சிமேக், டிவைஸ் ட்ரீ கம்பைலர் ஆகியவற்றை நிறுவி, அந்த அடைவுக்குள் "சிமேக் ." பிறகு "மேக்" என்று கொடுத்தால் தொகுத்து முடித்துவிடும்.

மூன்று கருவிகள் கிடைக்கும். ஈப்மேக், நாம் எழுதும் உரைக்கோப்பைச் சிப்புக்கு ஏற்ற இரும வடிவத்துக்கு மாற்றும். ஈப்டம்ப் அதைத் திரும்ப உரையாக விரித்துக் காட்டும். ஈப்ஃபிளாஷ் சிப்பில் எழுதும், அங்கிருந்து படிக்கவும் செய்யும்.

நான்காம் படி: அமைப்புக் கோப்பை நிரப்புவது

அடைவில் இருக்கும் மாதிரி அமைப்புக் கோப்பைப் படியெடுத்து அதில்தான் வேலை செய்யவேண்டும். நிதானம் தேவைப்படும் இடம் இதுதான்.

முதலில் வருவது போர்டின் தனி அடையாள எண். 16 பைட் நீளம் கொண்டது. போர்டுக்குப் போர்டு வேறாக இருக்கவேண்டும். கோப்பில் அதைச் சுழியங்களாகவே விட்டால், ஈப்மேக் ஒவ்வொரு முறையும் புதிய எண்ணை உருவாக்கிக்கொள்ளும். பத்துப் போர்டு செய்பவர் ஒரே இருமக் கோப்பைப் பத்திலும் எழுதிவிடக்கூடாது. பத்து முறை ஈப்மேக் ஓட்டிப் பத்துக் கோப்புகள் செய்யவேண்டும். நானும் ஒருமுறை ஐந்து போர்டுகளுக்கு ஒரே கோப்பை எழுதினேன். எந்தப் போர்டு எந்த இடத்தில் இருக்கிறது என்று கணக்கு வைக்க முயன்றபோது ஐந்தும் தாம் ஒரே ஆள் என்று சொல்லி நின்றன.

அடுத்து தயாரிப்பு எண், தயாரிப்புப் பதிப்பு. இரண்டும் இரண்டு பைட் எண்கள், தயாரிப்பவர் விருப்பம். சுற்றில் சிறு மாற்றம் செய்தாலும் பதிப்பு எண்ணைக் கூட்டுங்கள்; இரண்டு ஆண்டு கழித்து ஒரு போர்டு பழுதாகி வரும்போது அதன் அருமை தெரியும். பிறகு தயாரிப்பவர் பெயர், போர்டின் பெயர். இவற்றை ஆங்கில எழுத்தில் எழுதுங்கள்.

இனி பின் வரைபடம். ஒவ்வொரு பின்னுக்கும் ஒரு "செட்ஜிபிஐஓ" வரி: பின் எண், அதன் வேலை, உள் இழுப்பு. எண் என்று சொல்வது ஜிபிஐஓ எண்ணை. வேலை என்பது உள்ளீடு, வெளியீடு, அல்லது பின்னின் மாற்று வேலைகளான ஆல்ட்0 முதல் ஆல்ட்5 வரை ஒன்று. இழுப்பு என்பது வெளியே எதுவும் இயக்காதபோது பின் எந்த நிலையில் நிற்கவேண்டும் என்பது; மேல், கீழ், இல்லை, இயல்பு என்ற நான்கில் ஒன்று. நம் போர்டுக்கு நான்கே வரிகள். ஜிபிஐஓ 2, 3 இரண்டுக்கும் ஆல்ட்0, ஏனெனில் அந்தப் பின்களில் ஐ2சி 1 என்பது ஆல்ட்0 வேலைதான். 17க்கு வெளியீடு. 27க்கு உள்ளீடு, மேல் இழுப்பு. பொத்தான் தரைக்கு இணைப்பதால் அழுத்தாதபோது அது உயரமாக நிற்கவேண்டும்.

போர்டு தொடாத பின்களுக்கு வரியே எழுதாதீர்கள். மாதிரிக் கோப்பில் எல்லாப் பின்களும் கருத்துரையாகக் கிடக்கும். எதற்கும் இருக்கட்டும் என்று அத்தனையையும் திறந்துவிடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். பயன்படுத்தாத பின்னைப் பயன்படுத்துவதாகச் சொல்வது பொய். அடுத்த ஆண்டு அந்தப் பின்னில் வேறு எதையாவது இணைப்பவர் அந்தப் பொய்க்கு விலை கொடுப்பார். ஜிபிஐஓ 0, 1 இரண்டும் அடையாளத்துக்கே ஒதுக்கப்பட்டவை என்பதால் அவற்றை எதற்கும் எழுதக்கூடாது.

மின் ஓட்ட வலிமை, விளிம்பு வேகம் போன்றவை பற்றிய மூன்று வரிகளை 0 என்றே விடுங்கள். பை தன் இயல்பு நிலையில் இருக்கும். பின்மின்சாரம் பற்றிய வரி, உங்கள் போர்டு பைக்கு 5 வோல்ட் ஊட்டுகிறதா என்று கேட்கிறது. ஊட்டவில்லை என்றால் 0. குறைந்தது 1.3 ஆம்பியர் தரமுடியும் என்றால் 1, 2 ஆம்பியர் என்றால் 2. ஊட்டாத போர்டுக்கு ஆசைப்பட்டு எண் போடவேண்டாம்.

ஹேட் பிளஸுக்கு எழுதுபவர்களுக்குப் பின் வரைபடப் பகுதி முழுவதும் இல்லை. அவர்கள் நேரே அடுத்த படிக்குப் போகலாம்.

ஐந்தாம் படி: ஓவர்லே

பின்களைச் சொல்லியாயிற்று. அந்தப் பின்களின் மறுமுனையில் என்ன இருக்கிறது என்று லினக்ஸுக்கு இன்னும் தெரியாது. அதைச் சொல்வதுதான் டிவைஸ் ட்ரீ ஓவர்லே. ஐ2சி 1 பஸ்ஸை இயக்கு, அதில் 68 முகவரியில் டிஎஸ்3231 இருக்கிறது, 48 முகவரியில் ஏடிஎஸ்1115 இருக்கிறது, ஜிபிஐஓ 17இல் விளக்கு, 27இல் பொத்தான் என்று துண்டு துண்டாக அது அமையும். லினக்ஸின் மையமான கெர்னலின் மூலநிரலோடு வரும் ஐ2சி கடிகார ஓவர்லேயையும் ஏடிஎஸ்1115 ஓவர்லேயையும் திறந்து வைத்துக்கொண்டு, வேண்டிய துண்டுகளை எடுத்துச் சேர்ப்பதே நல்ல வழி. வெறும் தாளில் தொடங்கினால் ஒரு அரைப்புள்ளிக்காக ஒரு மாலை போய்விடும்.

எழுதியதைக் குறியீட்டுத் தகவலோடு தொகுக்கும் "-@" தெரிவைச் சேர்த்து "டிடிசி" கட்டளையால் தொகுத்து, ஓவர்லேஸ் அடைவில் போடுங்கள். சிப்பில் எழுதுவதற்கு முன்பே அதைக் கையால் ஏற்றிச் சோதிக்கவேண்டும். "சூடோ டிடிஓவர்லே" என்று ஓவர்லேயின் பெயரோடு கொடுத்துவிட்டு "ஐ2சிடிடெக்ட் -ஒய் 1" என்று கேட்டால், 68 என்ற இடத்தில் எண்ணுக்குப் பதில் இரண்டு யு எழுத்துகள் நிற்கும். அந்த முகவரியை ஒரு டிரைவர் எடுத்துக்கொண்டது என்று பொருள். "சூடோ ஹெச்டபிள்யூகிளாக் -ஆர்" என்று கேட்டு நேரம் வந்தால் கடிகாரமும் பேசிவிட்டது. எல்லாம் இப்படி வேலை செய்த பிறகுதான் சிப்பைத் தொடவேண்டும். சிப்பில் எழுதிவிட்டு ஓவர்லேயில் பிழை தேடுவது இருமடங்கு வேலை.

அடுத்து ஒரு முடிவு எடுக்கவேண்டும். ஓவர்லேயை முழுமையாகச் சிப்புக்குள் வைக்கலாம், அல்லது அதன் பெயரை மட்டும் வைத்துவிட்டுக் கோப்பைப் பையின் ஓவர்லேஸ் அடைவில் விடலாம். முழுமையாக வைத்தால் எந்த மெமரி கார்டைச் செருகினாலும் போர்டு தானாகவே வேலை செய்யும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் கெர்னல் மாறும்போது ஓவர்லேயும் மாறவேண்டி வரலாம். அப்போது விற்றுப்போன ஒவ்வொரு போர்டின் சிப்பையும் யார் திறந்து எழுதுவது? பெயர் மட்டும் வைத்தால் கோப்பைப் புதுப்பித்தாலே போதும். ஹேட் பிளஸும் பெயர் வைக்கும் வழியைத்தான் விரும்புகிறது. என் பரிந்துரையும் அதுவே. அமைப்புக் கோப்பில் "டிடி_பிளாப்" என்ற வரியில் ஓவர்லேயின் பெயரை எழுதினால் முடிந்தது.

ஆறாம் படி: செய்து, சரிபார்த்து, எழுதுவது

ஈப்மேக்குக்கு அமைப்புக் கோப்பின் பெயரையும் வெளியீட்டுக் கோப்பின் பெயரையும் கொடுங்கள். ஓவர்லேயை முழுமையாக வைக்க விரும்புபவர் மூன்றாவதாக அந்தக் கோப்பையும் கொடுக்கலாம்.

வெளியீட்டை உடனே ஈப்டம்ப் வழியாக விரித்துப் படியுங்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்தால் இந்தப் படி சடங்காகத் தோன்றாது. முதல் நான்கு பைட்கள் 52, 2டி, 50, 69. அவை "ஆர், சிறுகோடு, பி, ஐ" என்ற எழுத்துகள். ராஸ்பெர்ரி பையின் கையொப்பம். அடுத்து பதிப்பு எண்: பழைய ஹேட்டுக்கு 1, ஹேட் பிளஸுக்கு 2. பிறகு எத்தனை பகுதிகள், மொத்த நீளம் எவ்வளவு என்ற எண்கள். இந்தத் தலைப்பு 12 பைட். அதன்பின் அணுக்கள் எனப்படும் பகுதிகள்: 1 தயாரிப்பாளர் விவரம், 2 பின் வரைபடம், 3 டிவைஸ் ட்ரீ, 4 நீங்கள் விரும்பிச் சேர்க்கும் சொந்தத் தரவு. ஒவ்வொரு பகுதியின் இறுதியிலும் இரண்டு பைட் சரிபார்ப்புத் தொகை இருக்கும். ஒரு பிட் மாறினாலும் அது காட்டிக்கொடுத்துவிடும்.

நம் போர்டுக்கு ஓவர்லே பெயர் மட்டும் வைத்தால் எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ 130 பைட்தான். 4096 பைட் சிப்பில் அது ஒரு மூலைக்குக் காணாது. ஈப்டம்ப் காட்டும் மொத்த நீளம் ஆயிரக்கணக்கில் இருந்தால், ஓவர்லே முழுமையாக உள்ளே போய்விட்டது என்று தெரிந்துகொள்ளலாம்.

இனி எழுதலாம். எழுத்துத் தடைப் புள்ளியைத் தரையோடு இணையுங்கள். பழைய தரவின் மிச்சம் குழப்பாமல் இருக்க, "டிடி" கட்டளையால் 4 கிலோபைட் சுழியங்கள் கொண்ட வெற்றுக் கோப்பு ஒன்றைச் செய்து முதலில் அதை எழுதுங்கள். பிறகு உண்மையான கோப்பு. ஈப்ஃபிளாஷுக்கு எழுதுக என்பதற்கு "-டபிள்யூ", கோப்புக்கு "-எஃப்=", சிப் வகைக்கு "-டி=24சி32" என்று கொடுக்கவேண்டும். உறுதியா என்று ஒருமுறை கேட்கும். ஐ2சி 0 திறந்திராவிட்டால், ஜிபிஐஓ 0, 1 பின்களை வைத்து மென்பொருளாலேயே 9 என்ற எண்ணில் ஒரு பஸ்ஸை உருவாக்கிக்கொண்டு எழுத முயலும்.

முடிந்ததும் "-ஆர்" கொடுத்து வேறொரு பெயரில் திரும்பப் படித்து, "சிஎம்பி" கட்டளையால் இரண்டையும் ஒப்பிடுங்கள். சிறிய கோப்பு முடிந்துவிட்டது என்று மட்டும் சொன்னால் பயப்படவேண்டாம். படித்த கோப்பு முழுச் சிப்பின் அளவில் இருக்கும், எழுதிய கோப்பு சிறியது. அதுவரை எல்லாப் பைட்டும் பொருந்தின என்பதுதான் அதன் பொருள். மாறாக, வேறுபாடு என்று ஏதாவது பைட் எண்ணைக் காட்டினால் எழுத்துத் தடையை முதலில் சந்தேகியுங்கள். தடை நீங்காதபோது சில நேரம் பிழைச் செய்தி வரும். சில நேரம் எல்லாம் நடந்ததுபோலக் காட்டிவிட்டு உள்ளே எதுவும் மாறியிருக்காது. திரும்பப் படித்து ஒப்பிடாத போர்டை நான் மேசையைவிட்டு அனுப்புவதில்லை.

பிறகு தரைக் கம்பியை எடுத்துவிடுங்கள். கன்ஃபிக் கோப்பில் சேர்த்த ஐ2சி வரியையும் நீக்கிவிடலாம். எழும்போது சிப்பைப் படிக்கும் ஃபர்ம்வேருக்கு அந்த வரி தேவையில்லை.

ஏழாம் படி: போர்டு பேசுகிறதா?

பையை முழுமையாக அணைத்து, மின்சாரத்தை எடுத்து, மீண்டும் கொடுங்கள். எழுந்ததும் ப்ராக் அடைவின் உள்ளே டிவைஸ்-ட்ரீ அடைவில் ஹேட் என்று ஒரு சிறு அடைவு தோன்றியிருக்கும். அதில் வென்டர், ப்ராடக்ட், ப்ராடக்ட்_ஐடி, ப்ராடக்ட்_வெர், யுயுஐடி என்ற கோப்புகள். "கேட்" கட்டளையால் ப்ராடக்ட் கோப்பைப் படித்தால், இறுதியில் வரி முறியாமல், டெர்மினலின் அடுத்த வரவேற்புக் குறியோடு ஒட்டிக்கொண்டு உங்கள் போர்டின் பெயர் வரும். எத்தனை போர்டு செய்தாலும் அந்த ஒட்டிய பெயரை முதல்முறை பார்க்கும்போது மனம் நிறைந்துவிடுகிறது.

அடைவு வராவிட்டால்

"சூடோ விசிலாக் --எம்எஸ்ஜி" என்று கேளுங்கள். ஃபர்ம்வேர் எழும்போது எழுதிவைத்த குறிப்புகள் வரும். பழைய பதிப்புகளில் இதற்கு விசிடிபிஜி என்ற கருவி. கன்ஃபிக் கோப்பில் "டிடிடீபக்=1" என்று சேர்த்தால் குறிப்புகள் விரிவாக இருக்கும். அதே கோப்பில் "ஃபோர்ஸ்_ஈஈப்ராம்_ரீட்=0" என்று எவராவது முன்பு எழுதிவைத்திருக்கிறார்களா என்றும் தேடுங்கள். அந்த வரி இருந்தால் ஃபர்ம்வேர் சிப்பின் பக்கமே போகாது.

ஹேட் அடைவு இருக்கிறது, ஆனால் கடிகாரமும் விளக்கும் இல்லை என்றால் அடையாளம் சரி, ஓவர்லே ஏறவில்லை. சிப்பில் எழுதிய பெயரும் ஓவர்லேஸ் அடைவில் இருக்கும் கோப்பின் பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றா என்று பாருங்கள். சிறுகோடும் அடிக்கோடும் மாறிப்போவது இங்கே மிகவும் சகஜம். மெமரி கார்டைப் புதிதாக எழுதியவர்கள் ஓவர்லே கோப்பைத் திரும்பப் போட மறந்திருப்பார்கள்.

தவறான ஓவர்லே சிப்பில் ஏறி, பை எழும்போதே தடுமாறினால் கலங்கவேண்டாம். மெமரி கார்டை வேறு கணினியில் செருகி, கன்ஃபிக் கோப்பின் முதல் வரியாக "டிடிஓவர்லே=" என்று, சமக்குறிக்குப் பின் ஒன்றும் எழுதாமல் விடுங்கள். ஹேட்டிலிருந்து வரும் ஓவர்லேயை அது நிறுத்திவைக்கும். பை எழுந்ததும் ஐ2சி 0 பஸ்ஸைத் திறந்து, ஆறாம் படியைத் திருத்திய கோப்போடு மீண்டும் செய்துவிட்டு, அந்த வரியை நீக்கிவிடுங்கள்.

பல போர்டுகள் செய்பவர்களுக்கு இன்னும் ஒன்று. ஒவ்வொரு போர்டுக்கும் உருவாக்கிய இருமக் கோப்பைத் தேதியும் தனி அடையாள எண்ணும் சேர்த்த பெயரில் சேமித்து வையுங்கள். போர்டின் பின்புறத்தில் அந்த எண்ணின் கடைசி நான்கு எழுத்துகளை அழியாத மையால் எழுதுங்கள். என் அலமாரியில் இருக்கும் ஐந்து போர்டுகளுக்கும் இப்போது அப்படித்தான் எழுதியிருக்கிறேன்.